தோலு கெட்டியா இருந்தா பருப்பு தப்பிச்சுடுமா தம்பி?

தம்பி, ஊருல உன்னப் பத்தித்தான் பேச்சு. திண்டிவனத்துல அரிசி மண்டிக்கும், விழுப்புரத்துல மருந்துக் கடைக்கும் பில்லு போடற ஆப்பு செஞ்சு குடுத்திருக்கியாம். நல்லது. நம்ம புள்ளைங்க முன்னுக்கு வந்தா எனக்கு இன்னா வலிக்குதா? 2024 பிப்ரவரியில வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல டைடல் நியோ கட்டடத்தத் தொறந்தாங்களே, அன்னிக்கே சொன்னேன். இனிமே மெட்ராஸுக்கு மூட்டை கட்ட வேணாம், வூட்டுச் சோத்தத் தின்னுட்டே கோடு அடிக்கலாம்னு.

ஆனா ஒரு சேதி காதுல வுழுந்துது. அந்த ஆப்புக்குள்ளயே டேட்டாபேஸோட பாஸ்வேர்ட எழுதி வச்சிருக்கியாம். கேட்டா, "கம்பைல் பண்ணியாச்சு பெரியவரே, இனிமே யாருக்கும் புரியாது"ன்னு சிரிக்கிறியாம். யாருக்குப் புரியாது? உனக்கா, உன் மொதலாளிக்கா? திருடனுக்குப் புரியாதுன்னு எந்த ஜோசியக்காரன் சொன்னான்?

நம்ம கொல்லையில வெளையற மல்லாட்டையப் பாத்திருக்க இல்ல? திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7ன்னு ஊருப் பேரையே வச்சு ரகம் ரகமா விட்டாங்க. ஒண்ணாவது உடைக்க முடியாத தோலோட வந்துதா? நீ கம்பைல் பண்ணங்கிறியே, அது தோலு போடறது. அவ்வளவுதான். பருப்பு உள்ள பத்திரமா அப்பிடியே கெடக்குது. ஆப்ப எவன் போன்ல எறக்கிக்கிட்டானோ, அவன் கையில முழு மல்லாட்டைய நீயே குடுத்துட்ட. அவனுக்குப் பல்லு இருக்கா இல்லியான்னு எட்டிப் பாத்தியா?

நம்ப மாட்ட. என் பேத்தி ஊருக்கு வந்தப்ப ஒரு வேடிக்க காட்டுனா. அவளே பழகறதுக்குச் செஞ்ச ஆப்பு ஒண்ணு. அதோட ஏ.பி.கே. கோப்ப எடுத்து, பேரு கடைசியில இருந்த எழுத்த அழிச்சிட்டு ஜிப்புன்னு மாத்துனா. ரெண்டு தட்டு தட்டுனா. தொறந்துக்குச்சு! ஏ.பி.கே.ங்கறதே ஒரு ஜிப் கோப்புதானாம். உள்ள கிளாசஸ் டெக்ஸ்னு ஒரு கோப்பு, ரிசோர்சஸ்னு ஒண்ணு, படம் போட்ட ஃபோல்டருங்க கொஞ்சம். அந்த டெக்ஸ்லதான் எழுதுன கோடு பூரா கம்பைல் ஆகிக் கெடக்குது. அப்புறம் ஜாடெக்ஸ்னு ஒரு சாமானத் தொறந்தா. காசு கெடையாது, சும்மாவே கெடைக்குது. ஏ.பி.கே.ய அதுல இழுத்துப் போட்டா. செத்த நேரம் சுத்திட்டு, ஜாவா வரி வரியா வந்து நின்னுது. தேடற கட்டத்துல பாஸ்வேர்டுன்னு இங்கிலீசுல அடிச்சா. ஒரு வரி பளிச்சுனு வந்துது. சர்வர் அட்ரஸு, கணக்குப் பேரு, பாஸ்வேர்டு, மூணும் ஒரே வரியில. நான் வச்ச டீ ஆறல தம்பி.

ஏன் இப்பிடின்னு கேட்டேன். ஜாவாவும் டாட்நெட்டும் கம்பைல் ஆனாலும் கிளாஸ் பேரு, மெத்தட் பேருன்னு எல்லாத்தையும் சொமந்துக்கிட்டேதான் வருமாம். டாட்நெட்டுக்கு ஐ.எல்.ஸ்பைன்னு ஒண்ணு இருக்குது, அது பிரிச்சுக் காட்டிடும். "நான் சி பிளஸ் பிளஸ்ல எழுதுனேன்"னு மார் தட்டுறவனும் உண்டு. சரி, பேருங்க போயிடும். மேற்கோள் குறிக்குள்ள நீ எழுதுன பாஸ்வேர்டு போயிடுமா? ஸ்ட்ரிங்ஸ்னு ஒரு கமாண்டு யூனிக்ஸ் காலத்துல இருந்தே இருக்குது. எந்தக் கோப்பக் குடுத்தாலும் அதுல படிக்கத் தக்க எழுத்து எங்க இருக்குதோ, பொறுக்கி வெளிய போட்டுடும். அதுக்கும் மேல பாக்கணும்னா கீட்ரா இருக்குது. அமெரிக்காவோட என்.எஸ்.ஏ. உளவு நிறுவனம் தான் வச்சிருந்தத 2019 மார்ச்சுல ஊருக்கே எலவசமாக் குடுத்துடுச்சு. உளவுக்காரன் வச்சிருந்த சாமான் இன்னிக்கு காலேஜு பசங்க லேப்டாப்புல ஓடுது. நீ இன்னும் கம்பைல் பண்ணா புரியாதுங்கிற.

இதுக்கு மேல நீங்க பண்ற தந்திரம் இருக்குதே, அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல.

ஒருத்தன் பாஸ்வேர்ட பேஸ் 64ல மாத்தி வைக்கிறான். பல நேரம் கடைசியில சமக்குறி நின்னு வழி காட்டுது. அது பூட்டே கெடையாதுப்பா. எழுதற தினுசு வேற, அவ்வளவுதான். திருப்பிப் படிக்க எந்தச் சாவியும் வேணாம்.

இன்னொருத்தன் கோடுல இருக்கற பேருங்களக் கொழப்பி வைக்கற புரோகார்டு போடறான், ஆர் 8 போடறான். கிளாஸ் பேரெல்லாம் ஏ, பி, சின்னு ஆயிடுது. பாத்தா பயமாத்தான் இருக்குது. ஆனா மேற்கோள் குறிக்குள்ள இருக்கற எழுத்த அது தொடவே தொடாது. எல்லாப் பேரையும் அழிச்சிட்டுப் பாஸ்வேர்ட மட்டும் வுட்டு வச்சா, தேடறவனுக்கு வேலை மிச்சந்தான?

மூணாவது ஆளு பெரிய படிப்பு படிச்சவன். ஏ.ஈ.எஸ். 256 பிட்டுங்கிறான். பிரமாதம். அந்தச் சாவிய எங்க வச்ச சாமி? அடுத்த கோப்புல. ஆப்பு ஓடும்போது தானே பிரிச்சுப் படிக்கணும்னா சாவியும் அதுக்குள்ளதான இருந்தாகணும்? பாஸ்வேர்டு ஒண்ணத் தேட வேண்டியவன் இப்ப ரெண்டு தேடுவான். உன்னால அவனுக்கு அஞ்சு நிமிசம் நட்டம்.

நாலாவது ஆளு பாஸ்வேர்ட மூணு துண்டா வெட்டி, ஒரு துண்டு இங்க, ஒண்ணு அந்தாண்ட, ஒண்ணு டாட் எஸ்.ஓ. கோப்புக்குள்ளன்னு பிரிச்சு வச்சிருக்கான். ஓடும்போது மூணும் ஒண்ணு சேரணுமா இல்லியா? சேர்ற எடத்துல ஃப்ரீடான்னு ஒரு சாமான வச்சுக் காத்துக்கிட்டு இருப்பான். சேர்ந்த பாஸ்வேர்ட அப்பிடியே படிச்சுக்குவான். அதுவும் வேணாம்னா, போனுக்கும் சர்வருக்கும் நடுவுல ப்ராக்சி ஒண்ண வச்சு, உன் ஆப்பே தன் வாயால பாஸ்வேர்டு சொல்றதக் கேட்டுக்குவான். போன் அவன் போனு தம்பி. அதுக்குள்ள அவன் இன்னா வேணா பண்ணுவான்.

முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறவனுக்கு ஒரு வேளை சோறுதான் வீணு. நீங்க மூணு மாசச் சம்பளத்த வீணாக்கறீங்க.

புரோகார்டே போடாதன்னு சொல்றனா? இல்ல. போடு. ஆப்பு இளைக்கும், எட்டிப் பாக்கறவனுக்குக் கொஞ்சம் சலிப்பு வரும். ஆனா அத நம்பி பாஸ்வேர்ட உள்ள வைக்காத. 1883லயே கெர்க்காஃப்ஸ்னு ஒருத்தரு ராணுவப் பத்திரிகையில எழுதிட்டுப் போனாரு. எந்திரமே எதிரி கையில சிக்குனாலும் தொந்தரவு வரக் கூடாது, ரகசியம் சாவியில மட்டுந்தான் இருக்கணும்னு. கம்ப்யூட்டரே இல்லாத காலத்து மனுசனுக்குத் தெரிஞ்சது, எட்டு கோர் போன் வச்சிருக்கற உனக்குத் தெரியலியே.

"நான் சின்ன ஆளு, அதான் இப்பிடி"ன்னு கூச்சப்படாத. பெரிய எடத்துலயும் இதே கூத்துதான். நம்ம ஆதாருக்கு எம்ஆதார்னு ஒரு ஆப்பு 2017ல வந்துது. 2018 ஜனவரியில பிரெஞ்சுக்காரரு ஒருத்தரு அதப் பிரிச்சுப் பாத்துட்டு ஊரறியச் சொன்னாரு. போனுக்குள்ள இருக்கற டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டு தயார் பண்ற எடத்துல, ரேண்டம் எண்ணு எடுக்கறாங்களாம். சரிதான? ஆனா அந்த ரேண்டத்துக்கு வெதையா 123456789னு நெலையா எழுதி வச்சிருந்தாங்க. வெத மாறலன்னா எத்தினி தடவ எடுத்தாலும் அதே எண்ணுதான் வரும். கூடவே ஒட்டற சொல்லு இன்னா தெரியுமா? "டி.பி. பாஸ்வேர்டு 123". இத நான் கட்டிச் சொல்லல. போனுக்குள்ள இருக்கற கோப்பு மட்டுந்தான் அது, நாட்டு ஆதாரு பூரா இல்ல. இருந்தாலும், ஒண்ணுல இருந்து ஒம்போது வரைக்கும் வரிசையா எண்ணறத பால்வாடிப் புள்ளைங்க ரகசியம்னு சொல்லுமா?

இதக் கேட்டுட்டு நீ சந்தோசப்படற. இரு, இன்னும் இருக்குது. இது நம்ம தமிழ்நாட்டுக் கதை.

2019 செப்டம்பர் 4ஆம் தேதி. கூடங்குளம் அணுமின் நிலையத்துல ஏதோ கசமுசான்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் சேதி சொல்லுது. ஊருக்குத் தெரியல. அக்டோபர் கடைசியில டிட்ராக்னு ஒரு வைரஸோட மாதிரி வைரஸ்டோட்டல் தளத்துல கெடந்தது ஆராய்ச்சிக்காரங்க கண்ணுல பட்டுது. பிரிச்சுப் பாத்தா, உள்ள கூடங்குளத்து உள்நெட்வொர்க்கோட கணக்குப் பேரு, பாஸ்வேர்டு, எந்த மிஷினுக்குப் போகணும்ங்கற ஐ.பி. முகவரி, எல்லாம் எழுத்தாவே நிக்குது. திருடன் தன் கோடுக்குள்ள பாஸ்வேர்ட ஹார்டுகோடு பண்ணி வச்சிருக்கான்! யாரு வூட்டுக்குப் போனான்னு அவன் மூட்டையே சாட்சி சொல்லிடுச்சு. திருடனுக்குத் தேள் கொட்டுன கதைதான்.

29ஆம் தேதி நிலையத்துக்காரங்க, எங்க கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோட சேரல, சைபர் தாக்குதலுக்கு வழியே இல்லன்னு அறிக்க விட்டாங்க. மறுநாள், 30ஆம் தேதி, அந்த நிலையத்த நடத்தற என்.பி.சி.ஐ.எல். நிறுவனமே, "வைரஸ் இருந்தது உண்மைதான். நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டோட இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல. அணு உலை நெட்வொர்க்கு தனி"ன்னு ஒத்துக்கிச்சு. நீ கவனிக்க வேண்டியது இதுதான் தம்பி. அணுமின் நிலையத்து நெட்வொர்க்குலயே நொழஞ்ச திருட்டுக் கூட்டத்துக்கே கம்பைல் பண்ண கோடுக்குள்ள பாஸ்வேர்ட ஒளிக்கத் தெரியல. நீ ஒளிச்சிடுவியா?

இன்னும் ஒண்ணு. 2010ல ஸ்டக்ஸ்நெட்னு ஒரு புழு வந்துது. சீமென்ஸ் கம்பெனி ஆலைகளுக்கு விக்கிற வின்சிசி மென்பொருள்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ளயே பதிஞ்சு கெடந்துது. புழு அத வச்சு உள்ள நொழஞ்சுது. ஜனங்க, "இன்னா பண்றது, பாஸ்வேர்ட மாத்திடலாமா?"ன்னு கேட்டாங்க. சீமென்ஸ் இன்னா சொல்லிச்சு? மாத்தாதீங்க, மாத்துனா ஆலை நின்னு போனாலும் போவும்னு. கேட்டியா? உள்ள பதிச்ச பாஸ்வேர்டோட பெரிய கேடு இதுதான். திருடனுக்குத் தெரிஞ்சப்புறமும் உன்னால மாத்த முடியாது. மாத்தணும்னா எத்தினி போன்ல ஆப்பு இருக்குதோ, அத்தினிக்கும் புதுசு அனுப்பணும். எத்தினி பேரு அப்டேட் பண்ணுவான்? திண்டிவனத்துல மண்டிக்காரரு ரெண்டு வருசமா அப்டேட்ட தள்ளிக்கிட்டே போறாருன்னு உனக்கே தெரியும்.

இதெல்லாம் பழங்கதைன்னு நெனைச்சுக்காத. 2022ல சிமன்டெக்குங்கற பாதுகாப்புக் கம்பெனிக்காரங்க ஆப்புங்கள அலசிப் பாத்து, அமேசான் கிளவுடோட சாவி உள்ளயே இருக்கற ஆப்பு 1,859ன்னு சொன்னாங்க. அதுல நூத்துக்கு 77ல இருந்த சாவி அப்பவும் வேலை செஞ்சுதாம். பெரும்பாலும் ஐபோன் ஆப்பு. ஐபோன்னா பத்திரம்னு பீத்திக்கிறீங்களே. மென்பொருள் பாதுகாப்புக்குன்னே இருக்கற ஓவாஸ்ப் அமைப்பு 2024ல மொபைல் ஆப்புக்கு பத்து ஆபத்துன்னு வரிசை போட்டுது. மொத எடம் எதுக்கு? பாஸ்வேர்டு, சாவி இதுங்கள ஏடாகூடமா வச்சுக்கறதுக்குத்தான்.

சரி, தோலு தடிமனாக்கறதுல புண்ணியம் இல்லன்னா, வேற இன்னாதான் பண்றது? கேட்டியே ஒரு கேள்வி, இப்பதான் நீ புள்ளை.

பாஸ்வேர்ட ஒளிக்காத. உள்ள வைக்காத. பருப்பே இல்லாத மல்லாட்டைய உடைச்சு அவன் இன்னா பண்ணுவான்?

உன் ஆப்பு டேட்டாபேஸோட நேராப் பேசக் கூடாது. நடுவுல ஒரு சர்வர வை. அது உன் எடத்துல இருக்குது, உன் கட்டுப்பாட்டுல இருக்குது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அங்க மட்டும் இருக்கட்டும். அங்கயும் கோடுக்குள்ள எழுதாத, வெளிய தனியா வை. ஆப்பு சர்வர்கிட்டக் கேக்கட்டும், சர்வர் டேட்டாபேஸ்கிட்டக் கேக்கட்டும். மண்டிக்காரரு அவரு பேருல லாகின் பண்ணட்டும். அவருக்குன்னு ஒரு டோக்கன் குடு. கொஞ்ச நேரத்துல காலாவதி ஆகற டோக்கன். அதுல அவரு மண்டிக் கணக்க மட்டும் பாக்கலாம், மருந்துக் கடைக் கணக்கப் பாக்க முடியாது. அது திருட்டுப் போச்சுன்னா அந்த ஒருத்தரோட டோக்கன செல்லாததாக்கு. ஊரு பூரா அலறத் தேவையில்ல.

அந்த டோக்கன போன்ல எங்க வைக்கறது? ஆண்ட்ராய்டுல கீஸ்டோர்னு இருக்குது, அதுல சாவி செஞ்சு பூட்டி வை. ஆனா ஒண்ணு. அது அந்த ஆளோட சொந்தச் சாவிக்கு. உன் கம்பெனியோட ஊருப் பொதுச் சாவிய அதுல கொண்டு போய் வைக்காத. பணம் வாங்கற ரேசர்பே மாதிரி எடத்துல கீ ஐடி, கீ சீக்ரெட்னு ரெண்டு குடுப்பாங்க. ஐடி ஆப்புல இருந்தாத் தப்பில்ல. சீக்ரெட் சர்வரத் தாண்டி வெளிய வரக் கூடாது. இது நான் கண்டுபிடிச்ச ஞானம் இல்லப்பா. 2017 அக்டோபர்ல வந்த ஆர்.எஃப்.சி. 8252ங்கற இன்டர்நெட் வழிமுறை ஆவணத்துலயே இருக்குது. பல பேருக்கு விநியோகம் பண்ற ஆப்புக்குள்ள நெலையாப் பதிச்ச ரகசியத்த ரகசியமா நெனைக்கக் கூடாதுன்னு.

கடை மேசையில விண்டோஸ் மிஷின்ல ஓடற பில்லிங்கா? அங்க எஸ்.கியூ.எல். சர்வர்ல எஸ்.ஏ. கணக்குல நொழயற பழக்கத்த மொதல்ல வுடு. எல்லா அதிகாரமும் இருக்கற கணக்கு அது. பில்லு போடறவனுக்குப் பில்லு போடற அதிகாரம் போதாதா? அவனுக்கு டேபிள அழிக்கற உரிமை இன்னாத்துக்கு?

இம்மாம் எளிசா இருந்தும் ஏன் யாரும் பண்றதில்ல? எனக்குத் தெரியும். தோலு விக்கறவன்கிட்ட பளபளன்னு நோட்டீசு இருக்குது. "மிலிட்டரி கிரேடு"ங்கிறான், மொதலாளி வாயப் பொளந்துடறாரு. ரசீது வருது, மீட்டிங் வருது, மீட்டிங்ல சமோசா வருது. பாஸ்வேர்ட வெளிய எடுத்து சர்வர்ல வைக்கற வேலைக்கு ஒரு வாரம் குனிஞ்சு ஒழைக்கணும். ஒழைச்சப்புறம் ஸ்கிரீன்ல ஒண்ணும் மாறாது. கைதட்ட ஆளு கெடையாது. அதான் யாருக்கும் புடிக்கல. விக்கிரவாண்டி டோல்கேட்டுல ஃபாஸ்டேக் ஒட்டறதுக்கு எவனாவது மேளம் அடிக்கிறானா? ஒட்டணும், போவணும்.

அப்புறம் சட்டம்னு ஒண்ணு இருக்குது. 2023ல டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. ஜனங்க தகவலப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு பண்ணலன்னா 250 கோடி ரூவா வரைக்கும் அபராதம் போட அதுல எடம் இருக்குது. மருந்துக் கடைக்காரரு வாடிக்கையாளரு நோய் விவரம் எல்லாம் உன் டேட்டாபேஸ்ல இருக்குது. "கம்பைல் பண்ணியிருந்தேன் எசமான்"னு சொன்னா அங்க எடுபடுமா?

ஒரு சந்தேகம் வந்தா இந்த ஒரு கேள்வியக் கேட்டுக்க. இந்தப் போனு என் பங்காளி கையில இருந்தா, அவன் ஒரு வாரம் ஒக்காந்து நோண்டுனா, எனக்கு இன்னா போவும்? "அவன் கணக்கு மட்டும் போவும்"னு பதில் வந்தா நிம்மதியாத் தூங்கு. "எல்லாம் போவும்"னு வந்தா எழுந்து ஒக்காரு.

இப்ப ஒண்ணு பண்ணு. அந்த வரிய கோடுல இருந்து அழிச்சிட்டு, "ஆச்சு பெரியவரே"ன்னு ஓடி வராத. கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கற கிட்டுல பழைய வரலாறு அப்பிடியே நிக்கும். ஏற்கெனவே எறக்குன ஆப்புலயும் நிக்கும். 2016ல ஊபர் காரங்க கிட்ஹப்புல தனியாத்தான் கோடு வச்சிருந்தாங்க. அதுல கெடந்த அமேசான் சாவிய எடுத்துத்தான் 5.7 கோடிப் பேரு வெவரத்த அள்ளிட்டுப் போனாங்க. ஒரு தடவ வெளிய போன பாஸ்வேர்டு போனதுதான். அத மாத்தணும். சர்வர் தயாராவற வரைக்கும் ஒரு வாரம் பில்லு கையால எழுதட்டும், மண்டி ஒண்ணும் முழுகிடாது. கார்பன் பேப்பரு நான் வாங்கித் தரேன். நீ போயி மொதல்ல பழைய பாஸ்வேர்ட செல்லாததாக்கு. என்கிட்ட சண்டை போடணும்னா, அப்புறமா வா.